செவத்துல நீந்துற திருக்கை: காகிதக் கூழுல கடல் ஜீவிகள் செய்யுற விதம்

எங்க வீடு கொல்லங்கோட்டுக்கும் நீரோடிக்கும் நடுவுல, கொஞ்ச தூரம் போனா கேரளா பார்டர், அந்தப் பக்கம் பொழியூர். அம்மா மீன் வித்துதான் எங்கள வளத்தாங்க, அதனால ஒவ்வொரு மீனோட முகமும் எனக்கு சின்ன வயசுலேயே மனப்பாடம். வீட்டுச் செவத்துல மாட்டுறதுக்கு திருக்கை, ஆமை, பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்), சாளைக்கூட்டம் (மத்தி மீன்)னு நான் செய்ய ஆரம்பிச்சு ஏழெட்டு வருஷம் ஆச்சு, பாத்தவங்க எல்லாம் எப்படிச் செய்யுறதுன்னு கேக்குறாங்க, ஆளாளுக்குத் தனியா சொல்லி முடியல, அதான் எல்லாத்தையும் ஒக்க சேத்து எழுதுறேன்.

பசை, பேப்பர், கம்பி எல்லாம் பொறவு. முதல்ல கரைக்குப் போங்க. போன்ல தேடிப் படத்தப் பாத்து செய்யாதீங்க, மீனப் பாத்து செய்யுங்க. நான் ஆரம்பத்துல படத்தப் பாத்துதான் ஒரு திருக்கை செஞ்சேன், மேல் பக்கத்துல ரெண்டு கண்ணு வச்சு அதே பக்கத்துலேயே கண்ணுக்குக் கீழ சிரிச்ச மாதிரி ஒரு வாயும் வச்சேன், அம்மா பாத்துட்டு "இது எந்தக் கடல்ல கெடக்குது மக்களே"ன்னு கேட்டாங்க. அவங்க கேட்டது சரிதான். திருக்கைக்கு கண்ணு மேல இருக்கு, வாய் அடியில இருக்கு. அடிப்பக்கம் எடுத்த போட்டோவுல கண்ணு மாதிரி ரெண்டு ஓட்டை தெரியும்ல, அது மூக்கு. அதுக்குக் கீழ வாய், அதுக்கும் கீழ ஒவ்வொரு பக்கமும் அஞ்சு அஞ்சு செவுள் கீறல். கண்ணுக்கு ஒட்டிப் பின்னாடி மேல் பக்கத்துல இன்னொரு ஓட்டை இருக்கும், மணல்ல படுத்துக் கெடக்குறப்ப அது வழியாத்தான் வெள்ளத்த, அதான் தண்ணிய, உள்ள இழுக்கும், ஏன்னா வாய்தான் மணல்ல அமுங்கிக் கெடக்குதே. இதெல்லாம் தெரிஞ்சா போதும், மேல் பக்கத்தக் காட்டுறதா அடிப்பக்கத்தக் காட்டுறதான்னு முடிவு பண்ணிக்கிடலாம், ரெண்டையும் கலக்க மாட்டீங்க. கலந்தா பொம்மை ஆயிடும், ஜீவி ஆகாது.

தேங்காப்பட்டணம் துறைமுகத்துக்கு விடியக்காலம் போனா திருக்கை கெடக்கும், பார்டர் தாண்டினா அதையே தெரண்டின்னு சொல்லுவாங்க. மேலேருந்து ஒண்ணு, பக்கவாட்டுல தரையோட தரையா குனிஞ்சு ஒண்ணு, பொரட்டிப் போட்டு ஒண்ணுன்னு மூணு போட்டோ எடுங்க. பக்கவாட்டுப் போட்டோதான் முக்கியம், அத யாரும் எடுக்குறதில்ல. கண்ணுக்குப் பின்னாடி முதுகு எவ்ளோ மேடு, அங்கேருந்து செறகு ஓரம் வரைக்கும் எப்படிச் சரிஞ்சு போயி கடைசில பப்படம் மாதிரி மெலிசா முடியுதுன்னு அதுலதான் தெரியும். வால மட்டும் அங்க பாக்குறத வச்சு அளவெடுக்காதீங்க, முள்ளு குத்திடும்னு பல நேரம் வள்ளத்துலேயே வால வெட்டிட்டுத்தான் கொண்டு வருவாங்க. வால் உடம்பவிட நீளமா சாட்டை மாதிரி இருக்கும், முள்ளு இருக்குறது வால் நுனியில இல்ல, வால் உடம்போட சேருற எடத்துக்குக் கிட்ட.

இன்னொண்ணும் இங்கேயே சொல்லிடுறேன். செத்த கடல்குதிரையக் காயவச்சு ஒட்டுறது, கரையில ஒதுங்குன பவளப்பாறைத் துண்டு, கடல் விசிறி, ஆமை ஓடு இதெல்லாம் பொறுக்கி அலங்காரத்துல சேக்குறது வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல இதெல்லாம் பாதுகாக்கப்பட்ட பட்டியல்ல வருது, கடல்குதிரையையும் பவளத்தையும் 2001ல சேத்தாங்க. வீட்டுல வச்சிருந்தாலே குத்தம். சட்டத்த விடுங்க, கையால செய்யுறதோட அர்த்தமே உயிர எடுக்காம அதோட உருவத்த வீட்டுக்குக் கொண்டு வர்றதுதானே.

சரி, இப்போ திருக்கை. முதல் தடவைக்கு இதுதான் நல்லது, ஏன்னா அது தானாவே தட்டையான ஜீவி, செவத்துக்குன்னே படைச்ச மாதிரி. 24 இன்ச் அகலத்துக்குக் கணக்கு சொல்றேன்.

தேவையானது: பழைய நியூஸ் பேப்பர் அரை கிலோ, பிரிட்ஜ் வந்த மாதிரி கெட்டி அட்டைப்பெட்டி, வெந்தயம் 100 கிராம், மைதா, பெவிக்கால் அரை கிலோ டப்பா, சாக் பவுடர், 10 கேஜ் ஜி.ஐ. கம்பி (துத்தநாகம் பூசுன இரும்புக் கம்பி) ரெண்டு மீட்டர், கட்டுறதுக்கு மெலிசா ஜி.ஐ. கம்பி கொஞ்சம், கிராம்பு எண்ணெய் சின்ன குப்பி, 80, 120, 220 நம்பர் உப்புத்தாள், பிரைமர், அக்ரிலிக் பெயிண்ட், தண்ணில கரையுற வார்னிஷ். பழைய மிக்சி ஜார் ஒண்ணு, இதுக்குன்னே தனியா, திரும்ப சமையலுக்கு எடுக்கக்கூடாது.

கம்பி விஷயத்துல சிக்கனம் பிடிக்காதீங்க. வார்ப்பு வேலைக்குக் கட்டுற கறுப்புக் கட்டுகம்பி சும்மா கெடச்சுதுன்னு அதப் போட்டு நான் ஒரு பேய்க்கணவாய் செஞ்சேன், ரெண்டு மாசம் ஒழைச்சது. ஜூன்ல வர்ற எடவப்பாதி மழை ஆரம்பிச்சு மூணாவது வாரம், கை கையா பழுப்புக் கோடு வெளிய வந்துச்சு, உள்ள கம்பி துருப்பிடிச்சு பெயிண்டையும் தாண்டி ஊறிருக்கு. கழுவவும் முடியாது, மேல எத்தன கோட்டு அடிச்சாலும் திரும்ப வரும். நம்ம ஊர் காத்துல உப்பு, அதுலயும் கூழ் ஈரமா இருக்குறப்ப கம்பி உள்ளேயே இருக்கு, துரு பிடிக்காம என்ன செய்யும். ஜி.ஐ. கம்பி, இல்லன்னா அலுமினியம், அதுக்கும் மேல வெட்டுன முனையில ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு தொடு தொட்டுக்கிடுங்க, ஏன்னா வெட்டுன இடத்துல பூச்சு கெடையாது, துரு அங்கேருந்துதான் ஆரம்பிக்கும்.

கூழு. எங்க பாட்டி காலத்துல காகிதத்த ஊறப்போட்டு வெந்தயம் சேத்து இடிச்சு, பானை மேல அப்பி கூடை செய்வாங்க, அரிசி பருப்பு போட்டு வைக்க. அந்தக் கூடையில பூச்சி வராது. நான் செய்யுறது அதே வேலைதான், புதுசா எதுவும் கண்டுபிடிக்கல. பேப்பரக் கத்தரியால வெட்டாதீங்க, கையால கிழிங்க, கிழிச்சா ஓரத்துல நார் வெளிய நிக்கும், அந்த நாருதான் ஒண்ணோட ஒண்ணு பின்னி பலம் குடுக்குறது. பளபளப்பான மேகசின் தாள் வேண்டாம், அது ஊறாது. ஒரு ராத்திரி வெள்ளத்துல போட்டு, மறுநாள் இருபது நிமிஷம் கொதிக்க வச்சு, ஆறுன பொறவு கொஞ்சம் கொஞ்சமா நெறைய வெள்ளம் விட்டு மிக்சில அடிங்க, வெள்ளம் கொறஞ்சா மோட்டார் கருகிடும். பழைய துவர்த்துல (துண்டுல) ஊத்திப் பிழிங்க. சொட்டு நிக்கணும் ஆனா வறண்டு போகக்கூடாது, கைய விட்டா உருண்டையா நிக்கணும், அமுக்குனா விரல் நனையணும்.

அந்தக் கூழு நாலு கப்புக்கு, பெவிக்கால் ஒரு கப், மைதா காச்சுன பசை ஒரு கப், சாக் பவுடர் ஒரு கப், ஊறவச்சு அரைச்ச வெந்தயம் அரை கப், கிராம்பு எண்ணெய் பத்து சொட்டு. மைதாப்பசைக்கு ஒரு பங்கு மாவுக்கு அஞ்சு பங்கு வெள்ளம், கட்டி விழாம கரைச்சு சிம்ல வச்சு கண்ணாடி மாதிரி ஆகுற வரைக்கும் கிண்டணும். எல்லாத்தையும் சேத்து சப்பாத்தி மாவு மாதிரி பெசைங்க. வெந்தயம் கொழகொழப்பும் குடுக்கும், கசப்பும் குடுக்கும், வெள்ளிப்பூச்சியும் கரப்பானும் மைதாவத் தேடி வரும், கசந்தா போயிடும். வாசனை ரெண்டு வாரத்துக்கு இருக்கும், எனக்கு அது பிடிக்கும், பிடிக்காதவங்க வீட்டுக்கு வெளிய காயப்போடுங்க.

நம்ம பக்கம் ரப்பர் தோட்டம் வச்சிருக்கவங்க துரிசு (மயில்துத்தம்) போட்டா பூசணமே வராதேன்னு சொல்லுவாங்க. உண்மைதான், சொவரொட்டி ஒட்டுற பசையில எல்லாம் துரிசு போடுறதுண்டு. ஆனா கம்பி வச்ச வேலையில போடாதீங்க. துரிசு தாமிர உப்பு, ஜி.ஐ. கம்பி மேல இருக்குற துத்தநாகத்தையும் தின்னும், அலுமினியத்தையும் தின்னும், பூசணத்துலேருந்து தப்பிச்சு துருவுல மாட்டிக்கிடுவீங்க. அதோட அது விஷம், கையால பெசையுற சாமானுல, பக்கத்துல பிள்ளைங்க ஓடுற வீட்டுல எதுக்கு.

இப்போ உடம்பு. அட்டையில திருக்கைய வரையுங்க, ஒரு பாதி மட்டும் பேப்பர்ல வரைஞ்சு மடிச்சு வெட்டினா ரெண்டு பக்கமும் ஒத்து வரும். அகலம் 24 இன்ச்னா மூக்குலேருந்து வால் ஆரம்பிக்கிற வரை நீளம் 12, 13 இன்ச் இருக்கட்டும், பின்பக்கம் வால் அடியில ரெண்டு சின்னத் துடுப்ப விட்டுடாதீங்க, அது இல்லாம செஞ்சா பட்டம் மாதிரி இருக்கும். 10 கேஜ் கம்பிய ஒரு செறகு நுனிலேருந்து மறு செறகு நுனி வரை வளைச்சு அட்டைக்கு அடியில வச்சு, மெலிசுக் கம்பியால ஊசி நூல் மாதிரி அட்டையத் துளைச்சுத் துளைச்சுக் கட்டுங்க. இன்னொரு கம்பி தலைலேருந்து முதுகு வழியா போயி வாலா நீளணும். வால் உண்மையான அளவுல வச்சா செவத்துல நாலடிக்குப் போகும், சின்ன ரூம்ல அது தாங்காது, நான் உடம்பு அகலத்துக்குச் சமமா 24 இன்ச்ல நிறுத்தி லேசா ஒரு வளைவு குடுக்குறேன். இது ஒண்ணுலதான் நான் மீன விட்டு விலகுறது.

மாட்டுற கொக்கிய இப்பவே கட்டணும். எல்லாம் முடிச்சு பெயிண்ட் அடிச்ச பொறவு பின்னாடி ஒரு கொக்கிய ஒட்டுறவங்கதான் அதிகம், ஒட்டுனது என்னைக்காவது உரிஞ்சு விழும். கம்பில நேரா ரெண்டு வளையம், முதுகுக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் நாலு நாலு இன்ச் தள்ளி, உடம்போட பாதிக்குக் கொஞ்சம் மேல. ஒரே கொக்கில தொங்கவிட்டா பேன் காத்துக்கே சாஞ்சு நிக்கும்.

முதுகு மேட்டுக்கு நியூஸ் பேப்பரக் கசக்கி உருட்டி மாஸ்கிங் டேப் போட்டு ஒட்டுங்க, நடுவுல 4 சென்டிமீட்டர் ஒசரம், ஓரத்துக்கு வர வர ஒண்ணுமில்லாம. அதுக்கு மேல கூழு. இங்கதான் பொறுமை வேணும்: ஒரு தடவைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல அப்பாதீங்க. தடியா அப்பினா மேல காஞ்ச மாதிரி தெரியும், உள்ள ஈரம் நிக்கும், அந்த ஈரத்துல பூசணம் பிடிச்சு மூணு மாசம் கழிச்சு கறுப்பா வெளிய வரும். ஒரு அடுக்கு, முழுசா காயணும், பொறவு அடுத்த அடுக்கு. காஞ்சுதான்னு பாக்க கன்னத்துல வச்சுப் பாருங்க, ஜில்லுன்னு இருந்தா உள்ள வெள்ளம் இருக்குன்னு அர்த்தம்.

காயுறப்ப நடக்குற ஒரு காரியத்த நான் வருஷக்கணக்கா பிரச்சனைன்னு நெனச்சிருந்தேன். கூழு காயுறப்ப சுருங்கும், அட்டை சுருங்காது, அதனால மொத்தமும் கூழு இருக்குற பக்கம் பாத்து வளையும். மேல் பக்கம் மட்டும் கூழு அப்பி வெயில்ல வச்சா செறகு ரெண்டும் மேல தூக்கிக்கிடும். முதல்ல எல்லாம் கல்லு வச்சு அமுக்கி அமுக்கி நேராக்குவேன். ஒருநாள் அப்படியே விட்டுட்டேன், செவத்துல வச்சுப் பாத்தா திருக்கை செறகடிக்குது. மீன் நீந்துறப்ப செறகு மேலயும் கீழயும் போறதுதானே, தட்டையா நிக்கிறது கரையில செத்துக் கெடக்குறப்பத்தான். அன்னையிலேருந்து வளைவ நானே கட்டுப்படுத்துறேன்: ஒரு செறகு தூக்கணும்னா மேல் பக்கத்த முதல்ல வெயிலுக்குக் காட்டுறது, போதும்ங்குற அளவு வளைஞ்சதும் பின்பக்கம் ஒரு மெலிசான கூழு அடுக்கு குடுத்து நிறுத்துறது. அடியில இருக்குற கம்பியும் கையால வளைச்ச இடத்துலேயே பிடிச்சுக்கிடும். ரெண்டு செறகையும் ஒரே அளவுக்குத் தூக்காதீங்க, ஒண்ணு கொஞ்சம் ஏறி ஒண்ணு கொஞ்சம் எறங்கி இருக்கணும், அப்பத்தான் திரும்புற மாதிரி தெரியும்.

செய்யுறதுக்கு நல்ல காலம் தை முடிஞ்சு பங்குனி வரைக்கும். ஜூன்லேருந்து நம்ம கரைக்கு மழை, அது முடிஞ்சா ஐப்பசி மழை, குமரிக்கு ரெண்டு மழையும் உண்டுல்லா. மேற்குக் கரையில ஜூன் 1லேருந்து ஜூலை 31 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், அப்பத்தான் வீட்டுல எல்லாரும் சும்மா இருப்பாங்க, கை ஒதவிக்கு ஆள் கெடைக்கும், ஆனா கூழு காயாது. அதனால கூழு வேலைய வெயில்ல முடிச்சு வச்சுட்டு, தேய்க்குறது, பெயிண்ட் அடிக்கிறத மழைக்கு வச்சுக்கிடுங்க.

நல்லா காஞ்ச பொறவு 80 நம்பர்ல தேய்ங்க, பொறவு 120. பெவிக்கால்ல சாக் பவுடர் கொழைச்சு தோசை மாவு பதத்துல ரெண்டு கோட்டு பூசி, அது காஞ்சதும் 220ல தேய்ச்சா திருக்கைத் தோல் மாதிரி வழவழன்னு வரும். மாஸ்க் போட்டுக்கிடுங்க, தூசு ரொம்ப. சின்னச் சின்னதா விரிசல் விட்டா பயப்படாதீங்க, அதுலேயே இந்தக் கொழம்ப விட்டு அடைச்சிடலாம். கண்ணுக்குக் கண்ணாடிக் கோலிக்குண்டு வைக்கிறவங்க உண்டு, எனக்கு அது வேண்டாம்னு தோணும், கூழுலேயே ஒரு மேடு வச்சு அது மேல கறுப்பு அடிச்சு அந்த இடத்துக்கு மட்டும் பளபளக்குற வார்னிஷ் குடுத்தா போதும், உயிரு வந்திடும்.

பெயிண்ட்ல ஒரே விதி: முதுகு இருட்டு, வயிறு வெளிச்சம். மேலேருந்து பாக்குறவனுக்கு கீழ இருக்குற கடல் கறுப்பு, அடிலேருந்து பாக்குறவனுக்கு மேல இருக்குற வானம் வெள்ளை, ரெண்டு பேர் கண்ணுலேருந்தும் தப்பிக்கத்தான் மீனுக்கு அப்படி ஒரு நெறம். சாளையப் பாருங்க, அயிலையப் பாருங்க, எல்லாத்துக்கும் இதே கணக்கு. திருக்கைக்கு நான் முதல்ல முழுசா கருநீலம் அடிப்பேன், காஞ்சதும் அதுலேயே கொஞ்சம் பழுப்பு கலந்து ரொம்ப வெள்ளம் விட்டு ஒரு கோட்டு, அத ஈரத்துணியால நடுவுல மட்டும் தொடச்சு எடுப்பேன், மேட்டுல வெளிச்சம் விழுந்த மாதிரி வரும். புள்ளித்திருக்கைன்னா பட்ஸ் வச்சுப் புள்ளி வைக்கலாம். சுத்த வெள்ளை வைக்காதீங்க, கொஞ்சம் சாம்பல் கலந்துக்கிடுங்க, கோலப்புள்ளி மாதிரி வரிசையாவும் வைக்காதீங்க. தூக்கி நிக்கிற செறகோட அடிப்பக்கம் வெள்ளையா இருக்கணும், அது பக்கத்துலேருந்து பாக்குறப்ப தெரியும், நெறைய பேரு அத விட்டுடுறாங்க.

வார்னிஷ் மேட் போதும். பளபளன்னு அடிச்சா பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆயிடும். முன்னாடி ரெண்டு கோட்டு, பின்னாடி மூணு கோட்டு. பின்னாடிதான் செவத்து ஈரத்தக் குடிக்கிறது, அது கண்ணுக்குத் தெரியாததால எல்லாரும் அத வெறுமனே விட்டுடுறாங்க.

அடுத்து பேய்க்கணவாய், கேரளாக்காரங்க நீராளின்னு சொல்லுறது. இது எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை. எட்டு கை. கணவாய்க்குத்தான் எட்டு கையும் அதுக்கு மேல ரெண்டு நீளக் கையும், பேய்க்கணவாய்க்கு எட்டே எட்டு, எண்ணிக்கிட்டுச் செய்யுங்க. கைக்கு நான் கூழு போடுறதில்ல, தும்புக்கயிறு. எங்க பக்கத்து ஏ.வி.எம். கால்வாய் ஓரம் தொண்ட, அதான் தேங்கா மட்டைய, மாசக்கணக்குல அழுகப் போட்டு, அடிச்சு, தும்பு எடுத்துக் கயிறு திரிச்ச ஊரு இது, அந்தக் கயித்தோட முறுக்குக்கு இருக்குற அழகு வேற எதுலயும் வராது. ஒவ்வொரு கைக்கும் ஒரு ஜி.ஐ. கம்பி, அடியில தடிக் கயிறு சுத்தி, நுனிக்கு வர வர மெலிசுக் கயிறு, நுனியில வெறும் தும்பு இழை மட்டும் பெவிக்கால் தொட்டுச் சுத்தி முடிக்கணும். தலை மட்டும் கூழு, அது திருக்கை மாதிரிதான், பந்து மாதிரி உருண்டையா வேண்டாம், ஒரு பக்கமா சரிஞ்ச பை மாதிரி இருக்கணும், அந்த ஜீவிக்கு எலும்பே கெடையாது.

கைய வைக்கிற விதத்துலதான் எல்லாம் இருக்கு. எட்டையும் சூரியக்கதிர் மாதிரி விரிச்சு வைக்காதீங்க. ரெண்டு கை ஒண்ணோட ஒண்ணு பின்னட்டும், ஒண்ணு ஒடம்புக்குப் பின்னாடி மறைஞ்சு திரும்ப வெளிய வரட்டும், ரெண்டு கை செவத்த விட்டு ரெண்டு இன்ச் எழும்பி நிக்கட்டும், எந்த ரெண்டு கையும் ஒரே தெசையில போகக்கூடாது. உறிஞ்சுகுழி ஒவ்வொரு கைக்கும் ரெண்டு வரிசை, அடிப்பக்கத்துல பெருசு நுனியில கடுகு. அதுக்கு கூழு ஒத்து வராது, சொரசொரன்னு இருக்கும். கார்ன்ஃப்ளவர் மாவு ஒரு கப், பெவிக்கால் ஒரு கப், தேங்காயெண்ணெய் ரெண்டு ஸ்பூன், எலுமிச்சைச்சாறு ஒரு ஸ்பூன், சின்ன தீயில கிண்டிக்கிட்டே இருந்தா சட்டிய விட்டு உருண்டு வரும், ஆறவச்சுப் பெசைஞ்சா வெண்ணெய் மாதிரி ஒரு மாவு கெடைக்கும். அதுல சின்னச் சின்ன உருண்டை பிடிச்சு பென்சில் பின்பக்கத்தால ஒரு அமுக்கு. வளைஞ்சு திரும்புற கையில மட்டும் குழி தெரிஞ்சா போதும், எல்லாக் கையிலயும் ஒட்டத் தேவையில்ல, எல்லாத்துலயும் ஒட்டி ராத்திரி ராத்திரியா கண்ண கெடுத்துக்காதீங்க.

கண்ணு. பேய்க்கணவாயோட கண்மணி நம்மள மாதிரி வட்டம் இல்ல, படுத்த கோடு. அது தலைகீழா தொங்கினாலும், சரிஞ்சு கெடந்தாலும் அந்தக் கோடு மட்டும் தரைக்குச் சமமாவே நிக்கும். அதனால தலைய எந்தப் பக்கம் சாச்சு வச்சாலும், செவத்துல மாட்டி நிறுத்திட்டு, ரசமட்டம் வச்சுப் பாத்து, பொறவு கண்மணிய வரையுங்க. மேசை மேல வச்சு வரைஞ்சுட்டு மாட்டினா கண்ணு சாஞ்சு போகும், பாக்குறவங்களுக்கு ஏன்னு தெரியாது ஆனா ஏதோ சரியில்லன்னு தோணும்.

ஆமை செய்யணும்னா பங்குனி ஆமைய (ஆலிவ் ரிட்லி) செய்யுங்க, வளந்த ஆமை ஓடு ரெண்டடிக்குக் கிட்ட இருக்கும், அப்படியே நெஜ அளவுல செவத்துல வைக்கலாம். ஓடு கிட்டத்தட்ட இதய வடிவம், ஓட்டுக் கட்டங்கள கால்பந்து மாதிரி அறுகோணமா நெரப்பாதீங்க: நடுவுல ஒரு வரிசை, அதுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு வரிசை, ஓரத்துல சின்னக் கட்டங்கள். பங்குனி ஆமைக்கு பக்கவாட்டு வரிசையில ஆறு, ஏழுன்னு கட்டம் இருக்கும், பேராமைன்னா நாலுதான். முன்துடுப்பு நீளம், பின்துடுப்பு குட்டை. மத்ததெல்லாம் திருக்கைக்குச் சொன்ன வேலைதான்.

தென்ன மரம் இருக்குற வீடுன்னா கொதும்ப எரிக்காதீங்க. காஞ்சு விழுற கொதும்பு, பாளை மூடியிருக்குற தோடு, அது தானாவே மீன் வடிவம், வள்ளம் மாதிரி குழிஞ்சு ரெண்டு முனையும் கூரா. கொதிக்கிற வெள்ளம் ஊத்தி, நாலு நாள் வெயில்ல காயவச்சு, வேப்பெண்ணெய் தடவினா வண்டு தொளைக்காது. குழிஞ்ச பக்கம் செவத்தப் பாத்து, வாலும் துடுப்பும் அட்டையில வெட்டிச் சேத்தா நெய்மீன் (வஞ்சிரம்) ரெடி. முதுகுத் துடுப்புக்குப் பின்னாடி வால் வரைக்கும் குட்டிக் குட்டித் துடுப்பு வரிசையா நிக்கும், அது இருந்தாத்தான் நெய்மீன். அயிலைக்கும் அப்படி மேல அஞ்சு கீழ அஞ்சு உண்டு. சாளைக்கு அது கெடையாது.

சாளைக்கூட்டத்துக்கு ஒரே மாதிரி இருபது இருபத்தஞ்சு மீன் வேணும், அச்சு இல்லாம முடியாது. களிமண்ணுல ஒரு சாளை செஞ்சு காயவச்சு, அமோனியா சேத்த ரப்பர் பால பிரஷ்ல மெலிசா பத்து கோட்டு, ஒவ்வொண்ணும் காஞ்ச பொறவு அடுத்தது. உரிச்சு எடுத்தா அச்சு. மரத்துலேருந்து எடுத்த பால் அப்படியே ஆகாது, கொஞ்ச நேரத்துலேயே திரிஞ்சிடும். கூட்டத்துல எல்லா மீனும் ஒரே அளவு இருக்கணும், கடல்லயும் ஒரே வளத்தி மீன்தான் ஒண்ணா கூடும். எல்லாத்துக்கும் மூஞ்சி ஒரே பக்கம், எடைவெளி மட்டும் மாறணும், ஒரு எடத்துல நெருக்கம், ஒரு எடத்துல கலைஞ்சு. தரையில பாய் விரிச்சு அடுக்கிப் பாத்து, மேலேருந்து போட்டோ எடுத்து வச்சுட்டு பொறவு செவத்துல மாட்டுங்க.

மாட்டுறது. நம்ம பக்கம் பழைய வீடெல்லாம் வெட்டுக்கல்லு (செம்புரைக்கல்லு), கான்கிரீட்டுக்குப் போடுற மாதிரி சின்ன பிளக் போட்டா சுத்திக்கிட்டே இருக்கும், பிடிக்காது. ட்ரில்ல சுத்தியல் மோட ஆப் பண்ணிட்டு வெறும் சுத்துல மட்டும் தொளை போடுங்க, 8 மில்லிமீட்டர் தொளை, பிளக் நீளம் 50 மில்லிமீட்டருக்குக் கொறையக் கூடாது. ஸ்க்ரூ எஸ்.எஸ்.தான் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), சாதா ஸ்க்ரூ கடல்காத்துல பூத்துப் போகும். திருக்கை காஞ்ச பொறவு ஒரு கிலோவுக்குள்ளதான் வரும், கயிறு சுத்துன பேய்க்கணவாய் ரெண்டு கிலோ தாண்டும்.

செவத்தோட ஒட்டி மாட்டாதீங்க. பின்னாடி நாலு எடத்துல அரை இன்ச் மரத்துண்டு ஒட்டுங்க, ரெண்டு காரணம். ஒண்ணு, மழையில வெளிச்செவரு ஈரம் குடிக்கும், நடுவுல காத்துப் போனாத்தான் பின்பக்கம் காஞ்சிருக்கும், முடிஞ்சா உள்செவத்துலேயே மாட்டுங்க. ரெண்டு, நிழலு. ஒரு லைட்ட நேரா மூஞ்சில அடிக்காம மேலேருந்து சரிவா விழ வச்சா, தூக்கி நிக்கிற செறகோட நிழல் கீழ விழும், சாயங்காலம் ஜன்னல் வெளிச்சம் நகர நகர அந்த நிழலும் நகரும். அதுக்காகவே செவத்துக்கு வெளிர் நெறம் வையுங்க. திருக்கைய நேரா நிமித்தி மாட்டாம, தலை மேல பாத்து கொஞ்சம் சரிச்சு மாட்டுங்க, வால் பின்னாடி கீழ எறங்கி வரட்டும்.

ஈரத்துணி போட்டுத் தொடைக்காதீங்க, காஞ்ச பெயிண்ட் பிரஷ் போதும். மே மாசக் கடைசில, மழை வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை எல்லாத்தையும் எறக்கி, பின்பக்கம் பாத்து, கறுப்புப் புள்ளி ஏதாவது இருந்தா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, வெயில் காட்டி, ஒரு கோட்டு வார்னிஷ் அடிச்சு திரும்ப மாட்டிடுங்க. எங்க வீட்டு நடையில இருக்குற திருக்கைக்கு இப்போ ஆறு வயசு, வர்ற வைகாசிக்கு ஏழாவது கோட்டு.